முதல் வேலைக்குப் போகும் பிள்ளை



சம்பள நாளுக்கு மறுநாள் எமது நலன்புரி அலுவலகத்தில் எப்போதும் கூட்டம் இருக்கும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு தாய் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மலையிலிருந்து நேராக வந்தபடியால் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஐயா, இவன் சோதனை எழுதி முடிச்சுட்டான். சும்மா லயத்துல சுத்திக்கிட்டு இருக்கான். கொழும்புல ஒரு கடைக்கு ஆள் கேக்குறாங்களாம். நல்ல புள்ளைன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றார்.

பையனுக்குப் பதினாறு வயது முடிந்து மூன்று மாதம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். நாம் கடிதத்தை எழிதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். எந்தக் கடை, யார் முதலாளி, என்ன சம்பளம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எமது பிழை.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் அழுதுகொண்டு வந்தார். மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தரகர் கொடுத்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. கடையின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "புறக்கோட்டைப் பக்கம்னு சொன்னாங்க" என்பதுதான் அவர்கள் கையில் இருந்த விலாசம். தகப்பன் இரண்டு நாள் பேரை விட்டுவிட்டு, மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்து பிள்ளையைக் கண்டுபிடித்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை வேலை. சம்பளம் கேட்டால், "உன் வீட்டில் வாங்கிய அட்வான்ஸ் இன்னும் கழியவில்லை" என்ற பதில்.

அன்றிலிருந்து எமது அலுவலகத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். தோட்டத்திலிருந்து முதல் வேலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எங்கே, யாரிடம், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று அதில் எழுதுகிறோம். இந்தப் பாடமும் அந்தக் கொப்பியிலிருந்து வந்ததுதான். சொல்ல வருவது ஒன்றே ஒன்று: பிள்ளைக்கு முதல் வேலை தேடிக் கொடுப்பதைத் தரகர் கையில் விடக் கூடாது. அது பெற்றோரின் வேலை. அந்த வேலையைப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகும்போதே தொடங்க வேண்டும்.

1. வயது என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நமது நாட்டில் பிள்ளைகள் 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயம் பாடசாலைக்குப் போக வேண்டும். சம்பளத்துக்கு வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயது முன்பு 14 ஆக இருந்தது. 2021ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு அது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே 13, 14, 15 வயதுப் பிள்ளையைக் கடைக்கோ, ஹோட்டலுக்கோ, பங்களாவுக்கோ சம்பளத்துக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம். லீவு நாளில் வீட்டுத் தோட்டத்தில் தாய் தகப்பனுக்கு ஒத்தாசை செய்வது வேறு விஷயம்.

16 வயது முடிந்துவிட்டால் எல்லா வேலைக்கும் போகலாம் என்று நினைக்கக் கூடாது. 18 வயது ஆகும் வரை ஆபத்தான வேலைகளில் பிள்ளைகளை ஈடுபடுத்த முடியாது. மருந்து அடிப்பது, ஆபத்தான இயந்திரங்களில் நிற்பது போன்றவை அதில் அடங்கும். வீட்டு வேலைக்கு வைப்பதும் இப்போது அந்தத் தடைக்குள் வருகிறது. 18 வயது ஆகாதவர்களை இரவு வேலைக்கு வைப்பதற்கும் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது.

2021 ஜூலை மாதத்தில், மலையகத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போன 16 வயதுப் பெண் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி நம் எல்லாருடைய வயிற்றிலும் நெருப்பைக் கொட்டியது. "வீட்டு வேலைதானே, நிழலில் இருப்பாள், நல்ல சாப்பாடு கிடைக்கும்" என்ற பேச்சை அதற்குப் பிறகும் நம் லயங்களில் கேட்கிறோம். அந்தப் பேச்சு இனி வேண்டாம்.

2. பதின்மூன்று முதல் பதினைந்து வரை: பழகும் காலம்

அப்படியானால் 13 வயதுப் பிள்ளைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொழுந்துக்குப் புதிதாகப் போகிறவரும் முதல் நாளே கூடையை நிரப்புவதில்லை. பக்கத்து நிரையில் நின்று கையைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகுகிறார். வெளி உலக வேலைக்கும் கை பழக வேண்டும்.

இந்த மூன்று வருடத்தில் பிள்ளை பழக வேண்டியவை காசு செலவில்லாத விஷயங்கள்:

நேரம். பெரட்டுக்குப் பிந்தினால் பேர் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளையை எழுப்பிவிடும் வேலையை 13 வயதோடு நிறுத்துங்கள். தானாக எழும்பிப் பாடசாலைக்கு நேரத்துக்குப் போகட்டும்.

சிங்களம். நம் பிள்ளைகள் பலர் வேலை கேட்டுப் போன இடத்தில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வருகிறார்கள். பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடம் இருக்கிறது. அதோடு டவுனில் சாமான் வாங்கும்போதும், பஸ்ஸில் டிக்கட் எடுக்கும்போதும் பிள்ளையையே பேச விடுங்கள். பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள். கொஞ்சம் ஆங்கிலமும் சேர்ந்தால் நுவரெலியா, எல்ல போன்ற உல்லாசப் பயணிகள் வரும் ஊர்களில் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும்.

கணக்கு. வீட்டு மரக்கறிக் கொல்லை, கோழி, கடைக் கணக்கு எதுவானாலும் பிள்ளையை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் சம்பளச் சிட்டையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர், எவ்வளவு கழிவு, எதற்குக் கழிவு என்று பிள்ளை கேட்கத் தொடங்கினால், நாளைக்குத் தன் சம்பளச் சிட்டையையும் கேட்டு வாங்கும்.

பொறுப்பு. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல், வாசிகசாலையில் புத்தகம் அடுக்குவது, விளையாட்டுக் கழகத்தின் கணக்கு, பாடசாலை மாணவத் தலைவர் பதவி ஆகிய எல்லாமே பிறகு விண்ணப்பத்தில் எழுதக்கூடிய அனுபவங்கள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகங்களில் 13 வயதிலிருந்தே சேரலாம். தோட்டத்தில் கழகம் இல்லையென்றால், சில பிள்ளைகள் சேர்ந்து ஒன்றை ஆரம்பிக்கவும் முடியும்.

3. கடதாசி இல்லாமல் கதவு திறக்காது

ஒரு பைலை வாங்கி, கீழ்க்காணும் கடதாசிகளை இப்போதே ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

முதலாவது பிறப்புச் சான்றிதழ். இதில்தான் நம் மக்களுக்கு அதிகத் தொல்லை. பிறப்புச் சான்றிதழில் 'செல்வராசா', பாடசாலை இடாப்பில் 'செல்வராஜ்', தகப்பனின் அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருக்கும். சின்ன எழுத்துத்தானே என்று விட்டுவிடுவோம். பரீட்சைச் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். 13 வயதிலேயே எல்லாக் கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய் விசாரியுங்கள். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காமல் எம்மிடம் வாருங்கள்.

இரண்டாவது தேசிய அடையாள அட்டை. 15 வயது முடிந்ததும் விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அதிபர் மூலமாகவும், படிப்பை விட்ட பிள்ளைக்குத் தோட்ட அத்தியட்சகர் அல்லது கிராம உத்தியோகத்தர் மூலமாகவும் விண்ணப்பம் போகும்.

மூன்றாவது பாடசாலை விடுகைப் பத்திரமும் பரீட்சைப் பெறுபேறும். சித்தியடையாத பாடம் இருந்தாலும் பெறுபேற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

நான்காவது நற்சான்றிதழ். அதிபரிடம் ஒன்று, கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று. பாடசாலையிலும் கழகத்திலும் கிடைத்த சின்னச் சின்னச் சான்றிதழ்களையும் பைலில் போடுங்கள்.

ஒரு முக்கியமான பேச்சு: மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பார்க்கக் காட்டலாம், போட்டோப் பிரதி கொடுக்கலாம். "அடையாள அட்டை என்னிடம் இருக்கட்டும்" என்று சொல்லும் முதலாளி, பிள்ளையைப் போக விடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

4. பரீட்சைக்கும் முடிவுக்கும் நடுவில்

நம் பிள்ளைகள் தவறிப்போகும் இடம் இதுதான். சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவு வரும் வரை சில மாதங்கள் இருக்கின்றன. பிள்ளை வீட்டில் இருக்கிறான், கைச்செலவு கேட்கிறான், தகப்பன் ஏசுகிறார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் லயத்துக்கு வருவார். தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து வந்த பெரியம்மா மகனைப் பார்த்துப் பிள்ளைக்கும் ஆசை வரும். போன பிள்ளை முடிவு வந்தாலும் திரும்பி வருவதில்லை. நல்ல பெறுபேறு பைலுக்குள்ளேயே தூங்கும்.

இந்த மாதங்களை நாம் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். உயர்தரம் படிக்கக்கூடிய பிள்ளையை முடிவு வரும் வரை தூரத்து வேலைக்கு அனுப்ப வேண்டாம். டவுனில் பகலில் மட்டும் வேலை, அல்லது கணினி, தையல், ஆங்கிலம் போன்ற குறுகிய காலப் பயிற்சி போதும். மாலையில் வீட்டுக்கு வந்துவிடும் வேலையாக இருக்கட்டும்.

முடிவு சரியில்லை என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு தொடங்கிய 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடப் பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்று அதிபரிடமோ வலயக் கல்விக் காரியாலயத்திலோ கேளுங்கள்.

அடுத்தது தொழிற்பயிற்சி. தொழிற்பயிற்சி அதிகார சபை 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. நாடு முழுவதும் அதற்கு நிலையங்கள் உண்டு. நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, பிள்ளையை ஒரு கராஜிலோ தொழிற்சாலையிலோ பயிலுனராகச் சேர்த்து, வேலை செய்யும் இடத்திலேயே தொழிலைக் கற்றுக்கொள்ள வைக்கிறது. சில பயிற்சிகளுக்குக் கைச்செலவுப் பணமும் கிடைக்கும். மின்சார வேலை, குழாய் வேலை, வாகனம் திருத்துதல், வெதுப்பகம், சமையல், அழகுக்கலை, தையல், ஒட்டு வேலை என்று பல தொழில்கள் இருக்கின்றன.

இந்தப் பயிற்சிகளுக்குக் கிடைப்பது என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். அதில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் இந்தப் படியில் ஏறி மேலே போக முடியும். ஏற்கெனவே கடையிலோ கராஜிலோ சில வருடம் வேலை பழகிய பிள்ளை இருந்தால், அந்த அனுபவத்தைச் சோதித்தும் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சான்றிதழ் உள்ள மேசனுக்கும் இல்லாத மேசனுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று வெளிநாடு போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ட்ரெயினிங், வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லும் தகப்பன்மார், வீட்டுக் கஷ்டம் வந்ததும் அதே பிள்ளையைத்தான் முதலில் பங்களாவுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். பல ஆடைத் தொழிற்சாலைகள் 18 வயது முடிந்தவர்களையே எடுக்கின்றன. 16க்கும் 18க்கும் இடையிலுள்ள அந்த இரண்டு வருடத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

5. வேலை தேடுவது எப்படி?

வேலை இருக்கிறது என்ற செய்தி பேப்பரில் வருவதற்கு முன் வாயில்தான் வருகிறது. ஒரு கடதாசியில், தோட்டத்துக்கு வெளியே வேலை செய்யும் நம் சொந்தக்காரர், தெரிந்தவர் இருபது பேரின் பெயரை எழுதுங்கள். மாமா, சித்தப்பா, படிப்பித்த ஆசிரியர், டவுனில் நாம் வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்காரர், மருந்துக் கடையில் நிற்கும் அக்கா என்று எல்லாரையும் சேருங்கள். பிள்ளையே அவர்களிடம் போய், "மாமா, நான் சோதனை எழுதிட்டேன், வேலை தேடுறேன், உங்க பக்கம் ஏதும் இருந்தா சொல்லுங்க" என்று கேட்கட்டும். அம்மா கேட்பதைவிடப் பிள்ளை கேட்டால்தான் மதிப்பு.

விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாதிரிக்கு ஒன்று தருகிறோம்:

"ஐயா, தங்கள் கடையில் விற்பனை உதவியாளர் ஒருவர் தேவை என அறிந்து இவ்விண்ணப்பத்தை அனுப்புகிறேன். எனக்கு வயது 17. க.பொ.த. சாதாரண தரம் வரை படித்துள்ளேன். தமிழ் எழுத வாசிக்கவும், சிங்களம் பேசவும் தெரியும். பாடசாலை நூலகத்தில் இரண்டு வருடம் பொறுப்பாக இருந்தேன். எமது விளையாட்டுக் கழகத்தின் கணக்கை எழுதி வருகிறேன். வேலை நாட்களில் காலை 8 மணிக்கு வர முடியும். என்னைப் பற்றி எமது பாடசாலை அதிபரிடம் விசாரிக்கலாம். சான்றிதழ்களின் பிரதிகளை இணைத்துள்ளேன். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள..."

தெரியாததைத் தெரியும் என்று எழுத வேண்டாம். விலாசத்தில் பெயர், டிவிசன், தோட்டம், தபாற்கந்தோர் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். நம் லயங்களுக்குத் தபால் நேராக வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, பிறகு யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆகவே தொலைபேசி இலக்கம் கட்டாயம் எழுதுங்கள். விண்ணப்பம் போட்ட விஷயத்தைத் தபால் பிரிக்கும் ஆளிடமும் சொல்லி வையுங்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் வீட்டில் ஒத்திகை பாருங்கள். அப்பா முதலாளி, பிள்ளை வேலை கேட்டு வந்தவர். ஏன் இந்த வேலை? என்ன தெரியும்? சனிக்கிழமை வருவீர்களா? சிங்களம் தெரியுமா? "கொஞ்சம் தெரியும், பழகிக்கொள்வேன்" என்ற உண்மையான பதில் போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் சில பிள்ளைகள் டவுன் பெயரைச் சொல்லித் தோட்டத்தை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. தாய் தகப்பன் மழையிலும் பனியிலும் உழைத்துப் படிக்க வைத்த பிள்ளை, தோட்டத்தின் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

6. "சரி" சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

வேலை கிடைத்துவிட்டது என்றதும் சந்தோஷத்தில் எதையும் கேட்காமல் அனுப்பிவிடுகிறோம். கீழேயுள்ள ஏழு கேள்விக்கும் பதில் எழுத்தில் கிடைக்கும் வரை பையைக் கட்ட வேண்டாம்.

ஒன்று, கடை அல்லது நிறுவனத்தின் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் என்ன? தரகரின் இலக்கம் போதாது.
இரண்டு, என்ன வேலை? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்?
மூன்று, சம்பளம் எவ்வளவு? எந்தத் திகதியில், யார் கையில் கொடுப்பார்கள்?
நான்கு, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் காசு வெட்டுவார்களா?
ஐந்து, எங்கே தூங்க வேண்டும்? கூட யார்? பூட்டக்கூடிய கதவு இருக்கிறதா?
ஆறு, சேமலாப நிதி கட்டுவார்களா?
ஏழு, லீவு எப்போது? வீட்டுக்கு வர நினைத்தால் வர முடியுமா?

கடை, காரியாலயம் போன்ற இடங்களில் சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. சேரும்போது வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டியதும் முதலாளியின் கடமை. தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா என்றும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா என்றும் சட்டத்தில் விதிக்கப்பட்டது. அதற்குக் குறைவாக ஒருவர் பேசினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதல் முறை போகும்போது தாயோ தகப்பனோ கட்டாயம் கூடப் போங்கள். ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். ஆனால் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவீர்கள். அட்வான்ஸ் மட்டும் வாங்காதீர்கள். தரகர் நீட்டும் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ உங்கள் கைக்கு வந்த நிமிடத்தில் பிள்ளை கடனாளி ஆகிவிடுகிறது. திரும்பி வர நினைத்தாலும் அந்தக் காசு காலைக் கட்டும்.

7. முதல் சம்பளமும் சேமலாப நிதியும்

ஈ.பி.எப். காசின் அருமை தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் வெளியே போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். "கையில முழுசா தாரேன், ஈ.பி.எப். வேணாம்" என்று சொல்லும் முதலாளிக்குத் தலையாட்டுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 30,000 ரூபா என்றால், பிள்ளையின் சம்பளத்தில் வெட்டுவது நூற்றுக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா. முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது 12 வீதம், 3,600 ரூபா. இரண்டும் சேர்ந்து மாதம் 6,000 ரூபா, வருடத்துக்கு 72,000 ரூபா பிள்ளையின் பெயரில் சேருகிறது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 900 ரூபாவையும் முதலாளியே கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் மாதம் 4,500 ரூபாவை முதலாளிக்கே திருப்பிக் கொடுத்தது போலாகிறது. தற்காலிக வேலை, புதிய ஆள் என்ற சாட்டு இதற்குச் செல்லாது. உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

முதல் சம்பளத்தை என்ன செய்வது? கோயிலுக்கு ஒரு தேங்காய், அம்மாவுக்கு ஒரு சேலை, அது நம் வழக்கம், நல்ல வழக்கம். அதற்குப் பிறகு பிள்ளையின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து கொஞ்சத்தைப் போடச் சொல்லுங்கள். பெற்றோரும் யோசிக்க வேண்டும். பிள்ளையின் முழுச் சம்பளத்தையும் வாங்கிச் சீட்டுக்கும் கடைக் கடனுக்கும் கட்டினால், பிள்ளைக்கு உழைப்பில் பற்று வராது. அதைக் குடிக்குக் கொடுக்கும் தகப்பனைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. வீட்டிலுள்ளவர்களுக்கே தெரியும்.

8. திரும்பி வரும் வழி

முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். பிள்ளை அழும், "வந்துடுறேன்" என்று சொல்லும். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துத் தொலைபேசியில் பேசுங்கள். வேலை கஷ்டம் என்றால் பொறுமை சொல்லுங்கள். ஆனால் அடி, கெட்ட பேச்சு, கெட்ட தொடுகை, சம்பளம் கொடுக்காமை, தொலைபேசியைப் பறிப்பது என்று ஒன்று கேள்விப்பட்டாலும் பொறுமை சொல்ல வேண்டாம். உடனே போய்க் கூட்டி வாருங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்தைவிடப் பிள்ளை பெரிது.

சம்பளப் பிரச்சினைக்கு அருகிலுள்ள தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஏதாவது கொடுமை நடந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்த இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்கி அனுப்புங்கள்.

தொடக்கத்தில் சொன்ன பையனின் கதையை முடித்துவிடுகிறோம். அவன் திரும்பி வந்த பிறகு பரீட்சை முடிவு வந்தது. கணிதம் தவறியிருந்தது. ஒரு மாதம் வெளியே தலை காட்டவில்லை. பிறகு அந்தத் தாய் மறுபடி எமது அலுவலகத்துக்கு வந்தார். "இந்த முறை நீங்க கேளுங்க ஐயா, எல்லாத்தையும் கேளுங்க" என்றார். கேட்டோம். பையனுக்கு மோட்டார்ச் சைக்கிள் திருத்துவதில் கை ஓடும் என்று தெரிந்தது. ஒரு கராஜில் பயிலுனராகச் சேர்த்தோம். தகப்பன் கூடப் போய் இடத்தைப் பார்த்து வந்தார். இன்று அவன் சான்றிதழ் பெற்ற மெக்கானிக். சம்பள நாளில் வீட்டுக்குக் காசு அனுப்புகிறான். எமது கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது அவனுடைய விபரம்தான்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. உங்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலை இடாப்பிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?
2. தோட்டத்துக்கு வெளியே வேலை செய்யும், பிள்ளைக்கு உதவக்கூடிய எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?
3. ஏற்கெனவே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளையின் கடைப் பெயரும் தொலைபேசி இலக்கமும் இப்போது உங்கள் வீட்டில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், இன்று இரவே பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை எமது கொப்பியிலும் பதிய வாருங்கள். அலுவலகக் கதவு திறந்தே இருக்கும்.